முதுமைச் செம்மை

மனிதன் சாவதில்லை, துருப்பிடிக்கிறான்.

இந்த வாக்கியத்தைப் பேராசிரியர் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பல விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘மனிதன்’ என்ற சொல்லுக்குப் பின் சற்று நிறுத்தினால் கனம் கூடியது. ‘சாவதில்லை’ என்பதற்குப் பின் நிறுத்தினால் இன்னும் கூடியது. இரண்டு இடத்திலும் நிறுத்தி, கடைசியில் ஒரு பெருமூச்சும் விடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது.

“என்னங்க, துருப்பிடிச்சது போதும். ஏழரை மணிக்கு நான் மைதானத்துல நிக்கணும். பல்லு விளக்க விடுவீங்களா மாட்டீங்களா?”

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. முப்பது வருடமாக மைதானத்தில் கத்திப் பழகியவள். வீட்டில் அவள் குரல் உயர்ந்தால் எதிர்வீட்டு நாய்கூட ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தன்னையா சொன்னார்கள் என்று திரும்பிப் பார்க்கும். பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, அவருடைய ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய அரங்கில், முந்நூறு பேர் முன்னால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அவருடைய ஆராய்ச்சியில் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் அது உண்மை. மீதிப் பாதி அவருக்கு மட்டும் தெரிந்தது.

எல்லோருக்கும் தெரிந்த பாதி இதுதான். இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. ஆனால் கண்டபடி அலையும் இரும்பு அல்ல. ஹீம் என்ற சிறு தட்டின் நடுவில் அதை உட்கார வைத்து, அந்தத் தட்டை ஹீமோகுளோபினுக்குள் செருகி, ஹீமோகுளோபினைச் சிவப்பணுவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறது உடம்பு. கைக்குழந்தை உள்ள வீட்டில் கத்திரிக்கோலை ஒளித்து வைப்பது போல. சிவப்பணு உடைந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அப்படி வந்த ஹீமும், அதிலிருந்து கழன்ற இரும்பும், பெராக்சைடு என்ற முன்கோபியோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு, பக்கத்தில் எந்தப் புரதம் நின்றாலும் கடித்து வைக்கும். கடிபட்ட இடத்தில் தழும்பு விழும். அந்தப் புரதம் பிறகு சொன்ன வேலையைச் செய்யாது. ஒரு குறிப்பிட்ட மருந்தை ஊற்றினால் தழும்புகள் மஞ்சளாகத் தெரியும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சேதம்.

பேராசிரியருக்கு மட்டும் தெரிந்த பாதி: வயது ஏற ஏறச் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே தாமாக உடைகின்றன, ஹீம் கசிகிறது, புரதங்கள் பாழாகின்றன, முதுமை என்பது இதுதான், வேறொன்றும் இல்லை.

சும்மா சொல்லவில்லை. பன்னிரண்டு மாணவர்களின் இரத்தம், பன்னிரண்டு முதியவர்களின் இரத்தம் என்று வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் சொன்னார்.

மாணவர்களுக்கு இரத்தம் எடுத்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். மருத்துவமனை ஆய்வகத்தில் காலை முதல் மதியம் வரை இரத்தம் எடுப்பதுதான் அவர் தொழில். கடித்ததே தெரியாது என்பதால் அங்கே அவருக்குக் கொசு என்று பெயர். பெரிய மருத்துவர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கொசுதான். அவரும் போனை எடுத்தால் “கொசு பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பார். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் வந்து, பன்னிரண்டு மாணவர்களையும் நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு, டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

“பெரியவங்களுக்கும் நாளைக்கு வந்து எடுத்துடட்டுமா மாப்பிள்ளை?”

“வேண்டாம் மச்சான். அவங்கெல்லாம் பெரிய மனுஷங்க. யாரையோ விட்டு எடுத்தா நல்லா இருக்காது. நானே எடுக்கறேன்.”

‘யாரையோ’ என்ற சொல் மேசைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது. கொசு அதைத் தொடவில்லை. மாப்பிள்ளை வாயிலிருந்து வருவதில் பாதியை வடிகட்டிவிட்டு மீதியை மட்டும் கேட்டுக்கொள்வது அவருடைய நீண்ட நாள் பழக்கம்.

அந்தப் பெரிய மனிதர்கள் பேராசிரியரோடு பூங்காவில் காலை நடை போகிறவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என்று பதினொரு பேர். எல்லோருக்கும் பெயருக்கு முன்னால் ஓய்வு இருந்தது, நடைக்கு மட்டும் இல்லை. பன்னிரண்டாவது ஆள் பேராசிரியரே. ஐம்பத்தெட்டு வயதை முதுமைக் கணக்கில் சேர்ப்பதா என்று யோசித்தார். பன்னிரண்டு நிறைய வேண்டுமே என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசியாக அவர் ஊசி பிடித்தது மாணவனாக இருந்தபோது, ஒரு முயலுக்கு. முயலின் கருத்து எங்கும் பதிவாகவில்லை. ஆனாலும் நீதிபதியின் கையை அவர் அவ்வளவு மரியாதையோடு பிடித்தார். பெரிய மனிதர்களுக்கு வலிக்கக் கூடாது என்று, இருப்பதிலேயே மெல்லிய ஊசியைத் தேர்ந்தெடுத்தார். மெல்லிய ஊசியில் இரத்தம் மெதுவாக வந்ததால் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். இழுத்ததை அதே ஊசி வழியாகவே ட்யூபுக்குள் பீய்ச்சினார். உறையாமல் இருக்க மருந்தோடு கலக்க வேண்டுமே என்று, இருமல் மருந்துப் பாட்டிலைப் போல நன்றாகக் குலுக்கினார். தனக்குத் தானே எடுத்துக்கொண்டபோது ஒரு கைதான் மிச்சம் இருந்ததால், ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு, நான்கு இடத்தில் குத்தி, ஐந்தாவது இடத்தில் வெற்றி கண்டார்.

ட்யூபுகளைச் சுழற்றியபோது சிவப்பணுக்கள் அடியில் தங்கின; மேலே பிளாஸ்மா தெளிந்தது. மாணவர்களுடையது வைக்கோல் நிறத்தில் இருந்தது. முதியவர்களுடையது இளஞ்சிவப்பு. பேராசிரியருக்கு மயிர் சிலிர்த்தது. சிவப்பு என்றால் கசிந்த ஹீமோகுளோபின் அல்லவா? வயதானவர்களின் இரத்தம் உள்ளுக்குள் உடைகிறது என்பதைக் கண்ணால் பார்த்த முதல் மனிதன் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு அன்றைக்கே ‘முதுமைச் செம்மை’ என்று பெயரும் வைத்தார். ஃபிரிஜ்ஜில் ஐந்து நாள் வைத்துவிட்டு மருந்து ஊற்றிப் பார்த்தால், மாணவர்களின் சேதக் கணக்கு ஒன்றுக்குக் கீழே நின்றது. முதியவர்களுடையது இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போனது. அதற்கும் ஒரு பெயர்: துரு எண்.

பூங்காவில் துரு எண்கள் பரீட்சை மார்க்கைப் போலப் பரவின. பொறியாளர் தன்னுடைய இரண்டு புள்ளி இரண்டை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். மூன்று புள்ளி ஒன்று வாங்கிய நீதிபதி, “மேல்முறையீடு உண்டா?” என்று கேட்டார். இல்லை என்றதும் அந்த எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்த ஆரம்பித்தார். வீட்டில் யாராவது அவரைக் கடைக்குப் போகச் சொன்னால், “மூன்று புள்ளி ஒன்று உள்ளவனை அனுப்பறீங்களே” என்று சோபாவில் சாய்ந்துகொண்டார்.

பேராசிரியர் தன்னுடைய எண்ணை யாரிடமும் சொல்லவில்லை. நான்கு புள்ளி இரண்டு. எண்பத்திரண்டு வயது பல் மருத்துவரைவிட அதிகம்.

அவருடைய கண்டுபிடிப்பு உண்மையானால், அவருக்குக் காலம் அதிகம் இல்லை. கண்டுபிடிப்பு உண்மை என்பதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

*

மூன்று வாரமாக வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர் மனைவிக்குத் தெரிந்திருந்தது. முதலில் அவர் பாத்திரம் கழுவினார். திருமணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவர் சமையலறைக் குழாயைத் திறந்தது கையெழுத்துப் போட்ட மையைக் கழுவுவதற்கு மட்டும்தான். அடுத்து, உப்பு போட மறந்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “ரொம்ப நல்லா இருக்கும்மா” என்றார். ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன வேணும்?”

“ஒண்ணுமில்ல. நீ மடி.”

“ஏதாவது தப்புப் பண்ணிட்டீங்களா?”

“சேச்சே.”

“அப்ப எந்திரிச்சு அந்த ஓரத்தைப் பிடிங்க, போர்வையை மடிக்கணும்.”

பிடித்தார். மடித்து முடிந்த பிறகும் ஓரத்தை விடவில்லை. அவள் இழுத்துப் பிடுங்கிக்கொண்டாள். ஆனால் மறுநாள் முழுவதும் மைதானத்தில் அவள் யாரையும் திட்டவில்லை என்று சக ஆசிரியைகள் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மாலை ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேசைமேல் மடிக்கணினியை வைத்து, எதிரில் மனைவியையும் கொசுவையும் உட்கார வைத்து, பேராசிரியர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார். தொடக்க வாக்கியத்தை இரண்டு இடத்திலும் நிறுத்திச் சொன்னார். கொசு பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வறுத்த கடலையைக் கொறித்தார். ஏழாவது படத்தில் முதியவர்களின் பன்னிரண்டு ட்யூபுகளும் வரிசையாக வந்தன.

“இதைப் பாருங்க. நாம் எல்லோரும் போகப்போகிற பாதையின் நிறம் இது. முதுமைச் செம்மை!”

கொசுவின் கை கடலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

அந்த நேரத்தில் பேராசிரியரின் போன் அடித்தது. நீதிபதி. துரு எண் மூன்றுக்கு மேல் இருந்தால் மாடிப்படி ஏறலாமா என்று அவர் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேராசிரியர் போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“தங்கச்சி,” என்றார் கொசு மெதுவாக. “இதெல்லாம் யாரு எடுத்தது?”

“அவர்தான். ஏன்ணே?”

“இந்த மாதிரி ட்யூப் எங்ககிட்ட வந்தா நாங்க சோதனையே பண்ண மாட்டோம். திருப்பி அனுப்பிருவோம். புதுசா வேலைக்கு வர்றவங்க முதல் வாரத்துல எடுக்கறது இப்படித்தான் இருக்கும். எடுக்கறப்பவே சிவப்பணு உடைஞ்சிருக்கு. வயசும் இல்ல, ஒண்ணும் இல்ல. கை சரியில்ல.”

“அப்ப அந்தப் பசங்களோடது?”

“அது நான் எடுத்தது.”

அவள் படத்தின் கடைசி ட்யூபைக் காட்டினாள். இருப்பதிலேயே அதுதான் சிவப்பு. அடியில் ‘ஆய்வாளர், 58 வயது, 4.2’ என்று எழுதியிருந்தது.

“இது இவரா?”

“இவர்தான். தனக்குத் தானே குத்திக்கிட்டிருப்பார். பாவம்.”

தட்டு வைக்க இடம் வேண்டுமே என்று அவள் மடிக்கணினியை நகர்த்தினாள். அதற்கடியில் ஒரு காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மேலே அவருடைய திருத்தமான கையெழுத்தில் ‘எனக்குப் பிறகு’ என்று இருந்தது. பிரித்தாள்.

‘வாஷிங் மெஷின் மூடியை இடது ஓரத்தில் அழுத்தினால்தான் ஓடும். மழை வந்தால் பின்னறை ஜன்னலை மூடு, நீ எப்போதும் மறந்துவிடுகிறாய். முழங்கால் மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே, உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உன்னுடைய பித்தளை விசில் தொலையவில்லை. பரணில் பழைய சூட்கேஸின் உள்பையில் இருக்கிறது. நான்தான் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஊதினாய். மன்னித்துவிடு. அது இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கலாம் என்று பல தடவை நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.’

அவள் முதலில் சிரித்தாள். பிறகு கைக்குக் கிடைத்த கைப்பிடித் துணியால் மூக்கைத் துடைத்தாள்.

“இவர் சாகப் போறதா நினைச்சுக்கிட்டு இருக்கார்ணே.”

“ஐயோ. சொல்லிடலாமா?”

“நீ சொன்னா நம்ப மாட்டார். நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்பார். அவருக்கு ட்யூப் சொன்னாத்தான் ஏறும்.”

“உண்மை தெரிஞ்சா பேச்சு போயிடுமே. அழைப்பிதழ் எல்லாம் அடிச்சாச்சு.”

“பேச்சு போனாப் போகட்டும். ஆளு இருக்கட்டும்,” என்றாள் அவள். சற்று யோசித்துவிட்டு, “சனிக்கிழமை பார்த்துக்கலாம். பால்கனியை நாளைக்கு ஒழுங்குபடுத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கார். அது முடியட்டும்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

*

சனிக்கிழமை காலை மூவரும் பேராசிரியரின் ஆய்வகத்தில் நின்றார்கள். விடுமுறை நாள், வரிசையாக மூடிய மைக்ராஸ்கோப்புகள், ஒரு மூலையில் யாரோ விட்டுப்போன குடை, தொட்டியில் ஊறும் கண்ணாடிக் குடுவைகள். கொசு தன் பெட்டியைத் திறந்து, சாமான்களை ஒரு துணிமேல் நேராக அடுக்கினார்.

“எனக்கும் துரு எண் பாருங்க,” என்றாள் மனைவி, இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி. “இடது கையில நீங்க எடுங்க. வலது கையில அண்ணன்.”

“எதுக்கு ரெண்டு?”

“ஒரே ஓட்டத்தை வெச்சு நான் யாருக்கும் மெடல் கொடுக்கறதில்ல.”

பந்து எறிந்தே வளர்ந்த கை. நரம்புகள் கயிறு போலத் தெரிந்தன. கொசுவே பொறாமைப்படும் நரம்பு. பேராசிரியர் மெல்லிய ஊசியைத் தேடி எடுத்தார்.

“பெரிய ஊசி வேண்டாம். உனக்கு வலிக்கும்.”

அதைச் சொன்ன விதத்தில் ஒரு பிரிவுபசாரம் இருந்தது. மூன்று குத்து. அவள் முகம் சுளிக்கவில்லை. “மைதானத்துல சிராய்ச்சதுல இது கால்வாசி இல்ல. நிதானமா எடுங்க,” என்றாள். அவர் இழுத்தார், பீய்ச்சினார், குலுக்கினார். கொசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொழில் தெரிந்தவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாத காட்சிகள் சில உண்டு. பிறகு தன் முறை வந்ததும் வலது கையைத் தட்டி, நடுத்தர ஊசியைச் செருகி, ட்யூப் தானாக நிறையும்வரை காத்திருந்து, அதைக் குழந்தையைத் தொட்டிலில் திருப்பிப் போடுவதுபோல நாலைந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினார். அவ்வளவுதான்.

சுழலும் இயந்திரம் பத்து நிமிஷம் முனகிவிட்டு நின்றது. பேராசிரியர் மூடியைத் திறந்து இரண்டு ட்யூபுகளையும் வெளிச்சத்தில் பிடித்தார்.

வலது கை வைக்கோல் நிறம். இடது கை, மாதுளம்பழம் நறுக்கிய கத்தியைக் கழுவிய தண்ணீர்.

“என்னங்க,” என்றாள் மனைவி, “எனக்கு இடது பக்கம் மட்டும் வயசாயிடுச்சா?”

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “இதயம் இடது பக்கம் இருக்கறதால…”

“இருக்கறதால?”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முப்பது வருட ஆராய்ச்சியில் அவர் முடிக்காமல் விட்ட முதல் வாக்கியம் அதுதான்.

“இப்ப நீங்க உட்காருங்க மாப்பிள்ளை,” என்றார் கொசு. பேராசிரியர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பையனைப் போல உட்கார்ந்தார். எடுத்தது எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. சுழற்றி முடித்ததும் அவருடைய பிளாஸ்மாவும் வெளியே வந்தது. அழகான, அமைதியான, சாதாரண வைக்கோல் நிறம். எந்த மாணவனுடையதாகவும் இருக்கலாம்.

அவர் முகத்தில் மூன்று வாரமாக இருந்த பெரும் சாந்தம் அப்போது கலைந்தது. சாகப்போகிறவனின் சாந்தம் போன இடத்தில், வெள்ளிக்கிழமை பேசப்போகிறவனின் பீதி வந்து உட்கார்ந்தது.

“மெல்லிசு ஊசியில பலமா இழுத்தது ஒண்ணு,” என்று கொசு தயக்கத்தோடு சொன்னார். “அது வழியாவே திருப்பிப் பீய்ச்சினது ஒண்ணு. குலுக்கினது ஒண்ணு. சிவப்பணுவும் பஸ்ஸுல ஏறுற கூட்டம் மாதிரிதான் மாப்பிள்ளை. சின்னக் கதவுல முட்டித் தள்ளினா நசுங்கத்தான் செய்யும்.”

“அன்னைக்கே ஏன் மச்சான் சொல்லல?”

“அன்னைக்கு நான் ‘யாரோ’ ஆச்சே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வடிகட்டியது எல்லாம் எங்கேயோ சேர்ந்திருக்கிறது என்று பேராசிரியருக்குத் தெரிந்தது. எழுந்து வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல், பஞ்சு ஒட்டியிருந்த தன் முழங்கையையும் சேர்த்து அழுத்திக்கொண்டார்.

“தப்பு என் மேலதான் மச்சான்.”

“பஞ்சை இன்னும் ரெண்டு நிமிஷம் அழுத்துங்க மாப்பிள்ளை. அது போதும்.”

*

ஆனாலும் நிறம் வேறு, சேதம் வேறு. சிவந்தது உண்மை, புரதம் கெட்டதா? மற்றவர்களின் இரத்தத்தை வைத்தது போலவே இந்த மூன்று ட்யூபின் பிளாஸ்மாவையும் ஐந்து நாள் ஃபிரிஜ்ஜில் வைத்தார். அந்த ஐந்து நாளும் அவர் வீட்டில் ஒரு பாத்திரமும் கழுவவில்லை. திங்கட்கிழமை குழம்பில் உப்பு குறைவு என்று சொன்னார். மனைவிக்கு அதைக் கேட்க அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை மருந்து ஊற்றினார். சிவப்பு நிறமே மீட்டரை ஏமாற்றிவிடக் கூடாது என்று, மருந்து ஊற்றாத பங்கையும் தனியாக வைத்து அளந்து கழித்துப் பார்த்தார். தோற்கும்போதும் அவர் ஒழுங்காகத்தான் தோற்றார். மனைவியின் வலது கை புள்ளி எட்டு. இடது கை மூன்று புள்ளி நான்கு. அவருடையது புள்ளி ஏழு.

ஆக, அவர் கண்ட சேதம் பொய்யல்ல. உடைந்த சிவப்பணுவிலிருந்து ஹீம் கசிந்தது, இரும்பு கழன்றது, புரதங்களைக் கடித்தது. புத்தகத்தில் உள்ளபடி ஒன்று பாக்கியில்லாமல் நடந்தது. நடந்த இடம்தான் வேறு. நீதிபதியின் உடம்பில் அல்ல, பேராசிரியரின் ஃபிரிஜ்ஜில்.

விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மூவரும் ஒரே குடும்பம். அன்று மாலை அவர் சாப்பாட்டு மேசையில் ஏழாவது படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதை அப்படியே காட்டினால் முந்நூறு பேரும் கைதட்டுவார்கள். இரத்தம் எடுத்தது யார் என்று அரங்கில் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

“நாளைக்கு நீயும் வர்றியா?” என்று கேட்டார்.

“முதல் வரிசையில உட்காரப் போறேன்.”

“சும்மாதானே?”

அவள் புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, துடைத்துப் பளபளவென்றிருந்த பித்தளை விசிலை மேசைமேல் வைத்தாள். பேராசிரியர் அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அந்தக் காகிதத்தைப் படிச்சுட்டியா?”

“படிச்சேன். பின்னறை ஜன்னலையும் மூடிட்டேன். கோட்டை மிதிச்சா ஊதுவேன், சொல்லிட்டேன்.”

வெள்ளிக்கிழமை அரங்கு நிரம்பியிருந்தது. நடைக் குழு முழுவதும் இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டாவது வரிசையில் இருந்தது. பேராசிரியர் மேடை ஏறினார். இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டிய வாக்கியத்தை அவர் ஆரம்பிக்கவே இல்லை.

“இங்கே வந்திருக்கிற பெரியவர்களிடம் முதலில் ஒன்று சொல்ல வேண்டும்,” என்றார். “உங்களுக்கு வயதானதை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு ஊசி பிடிக்கத் தெரியாது என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.”

பிறகு மனைவியின் இரண்டு கைகளின் படத்தையும், இரண்டு ட்யூபுகளின் படத்தையும் காட்டி, முக்கால் மணி நேரம் நடந்ததை நடந்தபடி சொன்னார். நடுவில் ஒரு முறை, “எனினும் மாபெரும் அளவில் சிந்தித்தால்…” என்று ஆரம்பித்தார். முதல் வரிசையில் ஒரு கை அசைந்ததும் நிறுத்திக்கொண்டார். சிரிப்பு வந்தது, பிறகு கேள்விகள் வந்தன. அவர் பயந்ததைவிட நல்ல கேள்விகள். ஒருவர் தன் ஆய்வகத்திலும் சில ட்யூபுகள் இப்படிச் சிவந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, யார் எடுத்தது என்பதைச் சொல்லாமல் உட்கார்ந்தார்.

கடைசியாக நீதிபதி எழுந்தார். “அப்படியானால் என்னுடைய மூன்று புள்ளி ஒன்று?”

“ரத்து ஐயா.”

“வீட்டில் சொல்ல வேண்டியது அவசியமா?” என்றார் நீதிபதி. அவர் மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முதுமையைப் பற்றிய கட்டுரையைப் பேராசிரியர் கிழித்துப் போட்டார். அதற்குப் பதில் இரத்தம் எடுக்கும் கையைப் பற்றி ஒன்று எழுதலாம் என்று மனைவிதான் சொன்னாள். பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு கை. ஒரு கையில் நன்றாக எடுப்பது, மறு கையில் மோசமாக எடுப்பது. ஹீம் எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு புரதம் கெடுகிறதா என்று பார்ப்பது. கொசு முதல் ஆசிரியர். அவர் பெயரை அச்சில் போட வேண்டும் என்று கேட்டபோதுதான் பேராசிரியருக்கு அவருடைய உண்மைப் பெயர் தெரியவந்தது.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. இரண்டு கையிலும் கொசுவே எடுப்பதாகத்தான் திட்டம். மோசமாக எடுக்க அவர் மூன்று பேரிடம் முயன்று பார்த்தார். மெல்லிய ஊசியில் எடுத்தாலும் வைக்கோல் நிறமே வந்தது. “முப்பது வருஷம் ஆச்சு மாப்பிள்ளை. இனிமே கெடுக்கக் கை வரமாட்டேங்குது,” என்றார்.

கட்டுரை அடுத்த ஆண்டு வெளியானது. செய்முறைப் பகுதியின் நான்காவது வரி இப்படி இருந்தது: ‘சிவப்பணு சிதைந்த மாதிரிகள் தேவைப்பட்ட இடங்களில், இரத்தத்தை இரண்டாவது ஆசிரியர் தமது வழக்கமான முறையில் எடுத்தார்.’